மூக்கு வண்டிக்குள் இருந்தது எந்த இஞ்சின்?

நைனா வாங்கி வந்த கேஸ்கட் இஞ்சினுக்குப் பொருந்தவில்லை. கேஸ்கட் என்பது இஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் வைக்கிற மெல்லிய தகடு. அதிலுள்ள ஓட்டைகள் இஞ்சினிலுள்ள ஓட்டைகள் மேல் சரியாக உட்கார வேண்டும். நைனா நேராக வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். கடைசியில், ஓட்டைகளை நான்தான் இடம் மாற்றி வைத்துவிட்டேன் என்பது போல என்னை முறைத்து, "உள்ள போய் படி" என்றார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திருவொற்றியூரில் மெயின் ரோட்டிலிருந்து கடல் பக்கமாக இறங்குகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. நைனா பத்தொன்பது வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்த கம்பெனி அந்த வருஷம் கதவைச் சாத்திக்கொண்டது. கையில் கொடுத்த செட்டில்மெண்டை அம்மா பேங்கில் போடச் சொன்னாள். நைனா மாதவரம் பக்கம் ஒரு புரோக்கரிடம் போய் மூக்கு வண்டி வாங்கிக்கொண்டு வந்தார்.

மூக்கு வண்டி என்றால் முன்னால் நீளமாக மூக்கு வைத்த பழைய பிக்கப். நைனாவைவிட அதற்கு வயது அதிகம். நீல நிறம், தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு, பின்னால் மரப்பலகை அடித்த தொட்டி. அது எங்கள் சந்துக்குள் நுழைந்த அன்று தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு பாய், "அடேங்கப்பா, மாப்ள ஊர்வலத்துக்கு வாடகைக்கு வுடலாம் போலகீதே" என்றார். நைனாவுக்கு அன்று முழுக்க மார்பு நிமிர்ந்தே இருந்தது. ஃபவுண்டரியிலிருந்து இரும்பு வார்ப்புகளை ஏற்றி, சந்து சந்தாக இருக்கிற லேத் பட்டறைகளில் இறக்குவது அவர் திட்டம். பட்டறைக்காரர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். அடுத்த மாசத்திலிருந்து லோடு தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

அதற்குள் வண்டியை அவர் பெயருக்கு மாற்ற வேண்டும், எஃப்.சி. எடுக்க வேண்டும், அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ். எஃப்.சி. இல்லாமல் ரோட்டில் ஏற்றினால் பிடித்துப் போட்டுவிடுவார்கள். வண்டியோ அரை மணி ஓடினால் கொதித்தது. ஒரு நாள் என் பள்ளிக்கூட கேட்டுக்கு நேர் எதிரே நின்று குபுகுபுவென்று ஆவி விட்டது. நான் முன் சீட்டில் தண்ணீர் கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வகுப்புப் பெண்கள் மொத்தமும் பார்த்தார்கள். மானம் போயிற்று!

ஆர்.சி. புத்தகத்தில் ஒரு லாரி இஞ்சின் பெயர் இருந்தது. பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டு டீசல் போட்டதாக எந்தக் காலத்திலோ முறையாக எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். அந்த லாரி இஞ்சினுக்கான கேஸ்கட்டைத்தான் நைனா வாங்கி வந்தார். அது பொருந்தவில்லை என்றதும் மெக்கானிக்குகளைக் கூப்பிட்டார். முதலில் வந்தவர் இது டிராக்டர் இஞ்சின் என்றார். இரண்டாமவர் கல்யாண மண்டப ஜெனரேட்டர் என்று சத்தியம் பண்ணினார். மூன்றாமவர் லாரி இஞ்சின்தான், ஆனால் வேறு லாரி என்றார். மூன்று பேரும் டீயை மட்டும் ஒரே மாதிரி குடித்துவிட்டுப் போனார்கள்.

பிரித்துப் போட்ட இஞ்சினோடு வண்டி சுவரோரம் நின்றது. நைனா சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. பத்தொன்பது வருஷ உழைப்பு அந்த மூக்குக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்றாள் அம்மா. என்னிடம் சொல்லவில்லை, அரிசி களைந்துகொண்டே குண்டானிடம் சொன்னாள்.

கூப்பிட வேண்டிய ஆள் யார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் தம்பி, என் மாமா, காசிமேட்டில் படகு இஞ்சின் மெக்கானிக். கெட்டுப்போன இஞ்சின் பக்கத்தில் காதை வைத்துவிட்டு, எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று துறைமுகத்தில் பேச்சு. ஆனால் நைனாவும் மாமாவும் மூன்று வருஷமாகப் பேசுவதில்லை.

காரணம் நைனாவின் வாய். அவருக்குப் பொய் வராது. வராது என்றால் சுத்தமாக வராது. கடன் கேட்டு வருகிறவர்களிடம் நைனா வீட்டில் இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இருந்து "கீறேன், கீறேன்" என்று குரல் கொடுக்கிற ஆள். மாமாவுக்குப் பெண் பார்த்து, எல்லாம் பேசி முடித்து, தட்டு மாற்றப் போகிற சமயத்தில் பெண்ணின் அப்பா சும்மா ஒரு பேச்சுக்கு, "மாப்பிள்ளைக்குச் சொந்தப் பட்டறைதானே?" என்று கேட்டார். "இன்னும் இல்லீங்க, கூலிக்குத்தான் வேலை செய்றாரு" என்று நைனா சொல்லிவிட்டார். சொந்தப் பட்டறை என்று தரகர் முன்பே சொல்லி வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். தட்டு மாறவில்லை. அந்தப் பெண்ணை மாமாவுக்கு ரொம்பப் பிடித்திருந்ததாம். "உன் புருசன் வாயில மண்ணு வுழாதா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு வாசல்படி இறங்கியவர் அதற்கப்புறம் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே காதில் சொன்னாள்: "மாமாவாண்ட போ. அக்கா அழுதுகினு கீதுன்னு சொல்லு." நீ அழவில்லையே அம்மா என்றேன். பின்னலை ஒரு இழுப்பு இழுத்தாள், எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. நைனாவுக்குத் தெரியாமல் பஸ் ஏறினேன்.

மாமா கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகுக்கு அடியில் குந்திக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பீடியை மணலில் செருகிவிட்டு, ஒரு டீயும் பட்டர் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்து, தானும் ஒரு டீ எடுத்துக்கொண்டார். நான் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே முழுக் கதையையும் சொன்னேன். கேஸ்கட் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். வண்டியின் அழகைச் சொல்ல ஆரம்பித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இன்னா கலரு சொன்னே?"

"நீலம் மாமா."

"முன்கண்ணாடி நடுவுல கம்பி வச்சி ரெண்டா கீதா?"

"ஆமா."

"டிரைவர் சைடு கதவு உள்ளேர்ந்து தொறக்காது. கைய வெளிய வுட்டு தொறக்கணும். அதானே?"

"ஆமா மாமா! உனுக்கு எப்படித் தெரியும்?"

"பழைய வண்டி அல்லாம் அப்டித்தாம்மே" என்றார். தன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். டீ ஆறி, ஆடை கட்டியதும் அதை மணலில் ஊற்றிவிட்டார். நைனா மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை, வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அக்கா அழுதுகொண்டிருக்கிறாள் என்று இன்னொரு முறை, கொஞ்சம் கூட்டியே சொன்னேன். மாமா எழுந்து சாமான் பையை எடுத்துத் தோளில் போட்டார்.

வீட்டு வாசலில் நைனா மாமாவைப் பார்த்தார். மாமா வண்டியைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்து, ஒன்றுமே தெரியாதவள் போல, "எங்கடி போன நீ?" என்றாள். அன்றிலிருந்து எனக்கு வேலை ஆரம்பம். இரண்டு பேரும் வண்டி மூக்கின் இரண்டு பக்கமும், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றார்கள். பேச்செல்லாம் என் வழியாகத்தான்.

"உங்க நைனாவ கேளு, வாங்கசொல்லோ சத்தம் எப்டி இருந்துச்சின்னு."

"உங்க மாமாகிட்ட சொல்லு, சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு, கொஞ்சம் கரகரன்னு."

"கரகரன்னா, தொண்ட கட்ன மாதிரியா, எலும்பு கடிக்கிற மாதிரியான்னு கேளு."

"எலும்பு மாதிரின்னு சொல்லு."

நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். இருவரும் அதை முதல்முறை கேட்பது போலத் தலையாட்டினார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. நடுவில் ஒன்றிரண்டு வார்த்தைகளை நானே சேர்த்துக்கொண்டேன். "மாமா உன் ஒடம்ப பத்திரமா பாத்துக்க சொல்றாரு" என்று ஒருமுறை சொன்னதும் நைனா இருமினார்.

மாமா இஞ்சினைச் சுற்றி வந்தார். தொட்டார், தட்டினார், நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். ஆனால் இன்னது என்று சொல்லவில்லை. மத்தியானம் வரைக்கும் சொல்லவில்லை. அம்மா மீன் குழம்பு வைத்து, மூன்று வருஷத்துக்குப் பிறகு தம்பிக்குச் சோறு போட்டாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, இஞ்சின் நம்பரை எடுக்கச் சொன்னார்.

இது எங்கள் ஊரில் வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வேலை. வண்டியைப் பெயர் மாற்றவோ எஃப்.சி. எடுக்கவோ போகும்போது நம்பரை எழுதிக் கொடுத்தால் போதாது. இரும்பில் குத்தியிருக்கிற எண் மேல் மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். எண் அப்படியே தாளில் எழும்பி வரும். காசை நோட்டுக்கு அடியில் வைத்துத் தேய்க்கிற பிள்ளை விளையாட்டுதான், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதற்கு மரியாதை அதிகம். இந்த இஞ்சினில் எண் அடித்த தகடு பின்பக்கம் ஒரு இடுக்கில் இருந்தது. பெரியவர்கள் கை போனாலும் உள்ளே பென்சிலைப் பிடித்துத் தேய்க்க இடம் போதாது. என் சின்னக் கைக்குப் போதும். நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். ஒரு எழுத்துக்கூடச் சிதறாமல் வந்தது.

நைனா ஆர்.சி. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டார். எல்லாம் சரி! அவர் முகத்தில் அந்த வாரத்தின் முதல் சிரிப்பு. "உங்க மாமாகிட்ட சொல்லு, நம்பரு கரெக்டா கீது. கேஸ்கட் கடைக்காரன்தான் தப்பா குடுத்துட்டான்."

மாமா தாளை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "உங்க நைனாகிட்ட சொல்லு" என்றார், "அந்தத் தகட்ட கழட்டிப் பாக்கணும்."

"எதுக்காம்?"

"பாக்கணும்னு சொல்லு."

தகட்டின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு பட்டை இருந்தது. அதை இரண்டு போல்ட்டுகள் பிடித்திருந்தன. மாமா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் இடுக்குக்குள் முழங்கை வரை நுழைத்தார். ஸ்பானர் எங்கே பிடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நைனா டார்ச் அடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். முதல் போல்ட்டை மாமா இடப்பக்கம் திருப்பினார், கழன்றது. இரண்டாவதை வலப்பக்கம் திருப்பினார், அதுவும் கழன்றது. உலகத்தில் போல்ட் என்று இருந்தால் இடப்பக்கம் திருப்பினால்தான் கழலும், வலப்பக்கம் திருப்பினால் இறுகும். எங்கேயாவது ஒன்றுக்கு மரை தலைகீழாக இருக்கும். அதை எந்தக் கொம்பனும் முதலில் இடப்பக்கம் திருப்பிப் பார்த்து, கழலவில்லை என்று திட்டிவிட்டுத்தான் கண்டுபிடிப்பான். மாமா திருப்பிப் பார்க்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

மாமா இடதுகைக்காரர். அதனால் அவருக்கு எல்லாம் எதிர்ப்பக்கமாகத்தான் வரும்போல என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். நைனா டார்ச்சை அணைத்தார். மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க மாமாவ கேளு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். நான் காத்திருந்தேன். "ஒண்ணுமில்ல. டீ சொல்லிட்டு வர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தெருமுனை டீக்கடைக்குப் போய்வர அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

தகட்டுக்கு அடியில் வேறு நம்பர் இருந்தது. உப்பு தின்ற இரும்பில் மங்கலாகக் குத்திய எண். அதையும் நான்தான் தேய்த்து எடுத்தேன். மாமா அதன் பிறகு கடகடவென்று சொன்னார், கேட்டவர்கள் வாய் பிளந்தோம். இது படகு இஞ்சின். எண்ணூர் கழிமுகத்தில் ஓடிய ஏதோ ஒரு பழைய படகிலிருந்து எடுத்தது. பக்கவாட்டில் வட்டமாக மூடியிருக்கிற இடம், கடல் தண்ணீரை இழுக்கிற பம்பு இருந்த இடம். இஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கிற இரும்பு வளையம் லேத்தில் தனியாகக் கடைந்தது. ஃபேன் ஒரு காரிலிருந்து வந்தது. ரேடியேட்டர் அதைவிடச் சின்ன வண்டியிலிருந்து வந்தது, அதனால்தான் கொதிக்கிறது.

"தண்ணில கீறசொல்லோ கடல் பூரா இதுக்கு ரேடியேட்டரு. இங்க ஒரு சொம்புத் தண்ணிய வச்சிகினு எத்தினி நேரம் ஓடும்?" என்றார் மாமா.

அந்த நேரத்தில் எனக்கு மாமாவைவிடப் பெரிய ஆள் இந்த உலகத்தில் இல்லை. மூடியைத் திறக்கும் முன்பே உள்ளே இருப்பதைச் சொன்னார். பின்னால் மூன்று நட்டு இருக்கும், நடுவில் இருப்பது மட்டும் பித்தளை என்றார். நான் கையை விட்டுத் தடவி, டார்ச் அடித்துப் பார்த்தேன், பித்தளை! இவரை வைத்துக்கொண்டு மூன்று மெக்கானிக்குகளுக்கு வீணாக டீ வாங்கிக் கொடுத்தோமே என்று நினைத்தேன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாமா ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் படகு இஞ்சினை அந்த வண்டியில் போட்டவரே அவர்தான். சொந்தப் பட்டறை இல்லை என்று கல்யாணம் நின்றுபோன பிறகு, எப்படியாவது ஒரு பட்டறை வைத்துவிட வேண்டும் என்ற வெறியில் கிடைத்த வேலையை எல்லாம் செய்திருக்கிறார். அதில் ஒன்று இது. புரோக்கர் நல்ல லாரி இஞ்சினைக் கழற்றித் தனியாக விற்றுக்கொண்டான். அதன் நம்பரைத் தகட்டில் அடித்து, படகு இஞ்சின் மேல் வைத்து மாமாவின் கையால் பொருத்த வைத்தான். போல்ட் ஒன்று குறைந்தபோது படகுச் சாமான்களில் கிடந்த தலைகீழ் மரை போல்ட்டை அதற்கான நட்டோடு போட்டு முடித்ததும் மாமாதான். நைனாவும் அவரும் பேசிக்கொண்டிருந்தால் நைனா வண்டி வாங்குவதற்கு முன் மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பார், வண்டி எங்கள் சந்துக்கே வந்திருக்காது. எனக்குக் கல்யாணம் நிச்சயமான வாரத்தில் மாமாவே இதைச் சொன்னார். அன்று அந்தத் தகட்டை அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்றும் சொன்னார். ஆனால் என்றைக்காவது ஒருவன் கழற்றிப் பார்த்தால் கேஸ் நைனா மேல் வரும். கழற்றவும் வேண்டும், கழற்றினால் தன் வண்டவாளம் வெளியே வந்துவிடும் என்ற பயமும் கூடவே. "உங்க அம்மா வச்ச மீன் கொயம்பு தொண்டையில எறங்கலமே எனக்கு" என்றார்.

நைனாவுக்கு அந்த இரண்டாவது போல்ட்டிலேயே தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷ ஃபிட்டரிடம் அது மறையுமா? ஆனால் அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லையாம்.

மாமா அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். படகுச் சாமான் கடையில் சரியான கேஸ்கட் வாங்கிப் போட்டார். பெரிய ரேடியேட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். கூலி பேச்சை எடுத்தால் காது கேட்காதது போல இருந்தார். வண்டி எண்ணூர் வரை போய், நெட்டுக்குப்பத்தில் திரும்பி வந்தது, கொதிக்கவில்லை. அம்மா தேங்காய் உடைத்தாள். ஆனால் பேச்சு மட்டும் இன்னும் என் வழியாகத்தான் நடந்தது.

பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகம். மறைத்து ஓட்டினால் என்றைக்கும் பயம், உள்ளதைச் சொல்லி இஞ்சினைப் பதிவு பண்ணிக்கொள்வோம் என்று நைனா முடிவு பண்ணினார். நான் தேய்த்த இரண்டு தாள்களையும் மனுவோடு சேர்த்து வைத்தார். மாமாவும் வந்தார். வழியில் வண்டி நின்றால் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டார். என் தாள்களுக்கு அதிகாரி என்ன சொல்கிறார் என்று பார்க்க நானும் பள்ளிக்கு மட்டம் போட்டேன்.

வண்டிகள் வரிசையாக நிற்கிற மைதானத்தில், வேப்ப மர நிழலில் மேசை போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, பொறுமையான மனிதர். மனுவை முழுக்கப் படித்தார். எழுந்து வந்து மூக்கைத் திறந்து பார்த்தார். இரண்டு தாள்களையும் வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"இதை யார் கண்டுபிடிச்சது?" என்றார்.

நான் மாமாவைப் பார்த்தேன். இப்போது நைனா சொல்லப் போகிறார், என் மச்சான், காசிமேட்டில் அவரை விட்டால் ஆள் கிடையாது என்று. அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் மட்டமே போட்டிருந்தேன். மாமா வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நான்தான் சார்" என்றார் நைனா. "ஃபிட்டரா இருந்தேன். பிரிச்சிப் பாத்தேன், தெரிஞ்சிடுச்சு."

எனக்குக் காது அடைத்துவிட்டது.

"சரி, இந்தப் படகு இஞ்சினை வெச்சு தகடு அடிச்சது யாரு? பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன். அவனை நாங்க பாத்துக்கறோம், உங்க வேலை இன்னிக்கே முடிஞ்சிடும். இல்லேன்னா வண்டி எந்தெந்தக் கை மாறி வந்துதுன்னு விசாரிக்கணும். அது முடியற வரைக்கும் வண்டி ரோட்டுல வரக்கூடாது."

மாமா நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "சார், அது..." என்று ஒரு அடி முன்னால் வைத்தார்.

நைனா திரும்பினார். மூன்று வருஷத்தில் முதல் முறையாக மாமாவின் முகத்தை நேராகப் பார்த்து, நேராகவே பேசினார். "மச்சான், வெயில் தாங்காது. பாப்பாவ இட்டுகினு போய் கரும்பு ஜூஸ் வாங்கிக் குடு, போ." பிறகு மேசைப் பக்கம் திரும்பினார். "யாருன்னு தெரியாது சார். நான் வாங்கசொல்லோ இப்டித்தான் இருந்துச்சு."

வண்டி அதற்கப்புறம் நான்கு மாசம் சுவரோரம் நின்றது. பட்டறைக்காரர்கள் வேறு வண்டி பிடித்துக்கொண்டார்கள். நைனா அந்த நான்கு மாசமும் வாடகை மீன்பாடி வண்டியில், அந்த மூன்று சக்கரச் சைக்கிளில், வார்ப்புகளைப் போட்டு மிதித்தார். கால் வீங்கிப்போய் வருவார், அம்மா வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். எஃப்.சி. கடைசியில் கிடைத்தது. ஆனால் அன்று அந்த மைதானத்தில் எனக்கு இதெல்லாம் தெரியுமா? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பொய்யே பேசாத என் நைனா, எல்லாரும் பார்க்க, மாமாவின் பெருமையைத் திருடிக்கொண்டுவிட்டார்.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே கரும்பு வண்டிக்குக் கூட்டிப் போனார். ஒரு கிளாஸ் வாங்கி என் கையில் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. கரும்பு வண்டிச் சக்கரத்தின் மணி கலகலவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அங்கேயே ஓரத்துக் கல்லில் குந்தி, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பெரிய ஆள், முதுகு குலுங்க அழுதார்.

எனக்கும் அழுகை வந்தது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "அழாத மாமா. நைனா சொன்னது பொய். நீதான் கண்டுபிடிச்சேன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். இப்பவே போய் அந்த சார்கிட்டயும் சொல்றேன்" என்று கிளம்பினேன்.

மாமா என் பாவாடையை எட்டிப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "வேணாம்மே, வேணாம், ஜூஸ குடி" என்றார். நைனாவுக்காக எவ்வளவு பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறார் பார் என்று நினைத்துக்கொண்டேன். நைனா வேலையை முடித்துவிட்டு வந்து என் தலையைத் தடவினார். நான் தலையை உதறிக்கொண்டேன். அதிலிருந்து ஒன்பது நாள் நான் அவரோடு பேசவில்லை. எது வேண்டுமானாலும் அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன்.